ஞாயிற்றுக்கிழமை காசு கரையாமல் ரெண்டு பேருக்கும் பொழுது போக

கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷமான பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரே அட்டவணைதான் வைத்திருக்கிறார்கள். காலையில் தூங்கி எழும்புவது, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் திற்பரப்பு அருவி அல்லது கன்னியாகுமரி, இல்லாவிட்டால் நாகர்கோவிலில் ஒரு படம். படத்துக்குப் போனால் டிக்கெட்டை விட பாப்கார்ன் காசு கூட. பெட்ரோல், பார்க்கிங், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆயிரத்தைந்நூறு கரைந்துவிடும். வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு கட்டிலின் இரண்டு ஓரத்தில் படுத்துக்கொள்கிறார்கள். கன்னியாகுமரியில் இருப்பவர்களுக்குக் கன்னியாகுமரி என்பது விருந்தாளி வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் இடம், அவ்வளவுதான். வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தை எங்கள் தெருவில் பாதிப்பேர் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் சென்னையிலிருந்து மச்சினன் வந்ததால் பார்த்தவர்கள்.

இந்தப் பதிவு அதற்கு மாற்றாகக் கொஞ்சம் சொல்லலாம் என்றுதான். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், மகள் இரண்டாம் வகுப்பு, மாமி, அதாவது என் மாமியார், கூடவே இருக்கிறார். கையில் மிஞ்சும் காசும் கொஞ்சம், நேரமும் கொஞ்சம். அதற்குள் என்னென்ன ஓடியது, எது ஏன் நிலைத்தது என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதை வைத்துத்தான். புருஷன் பொண்டாட்டி சேர்ந்து ஒன்றைப் பழகுவதென்றால் அது இரண்டு பேருக்குமே தெரியாததாக இருக்க வேண்டும். ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாவிட்டால் ஒருவர் வாத்தியார், மற்றவர் மாணவர் என்றாகிவிடும், அப்புறம் அங்கே பொழுதும் போகாது, போக்கும் இருக்காது. எந்த ஊரிலும் சாயங்காலம் ஆளில்லாத மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள், யாராவது ஒருவர் பொண்டாட்டிக்கு ஸ்கூட்டர் பழக்கிக்கொண்டிருப்பார். "கிளட்ச்ச... இல்ல இல்ல, இதுல கிளட்ச் இல்ல, பிரேக்க பிடி, பிரேக்க பிடின்னா பிடிக்கணும் பிள்ளே!" என்று அவர் கத்துவது அடுத்த தெருவுக்குக் கேட்கும். அந்த அம்மாள் வண்டியை அப்படியே ஸ்டாண்ட் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன். சமையலில் இதே கதை தலைகீழாக நடக்கும், வெங்காயம் இப்படியா நறுக்குவது என்று நாம் ஆரம்பிப்போம். இரண்டு பேருக்கும் தெரியாது என்றால் யாரும் யாரையும் திருத்த முடியாது, இரண்டு பேரும் சேர்ந்து தப்பு விடலாம், அந்தத் தப்பு சண்டையாக மாறாது. தெரியாத விஷயத்துக்கு ஆரம்பத்திலேயே யாரும் ஆயிரக்கணக்கில் சாமான் வாங்கப் போவதில்லை என்பதால் காசும் மிச்சம்.

சரி, பஸ்ஸிலிருந்து தொடங்குகிறேன்.

2021-லிருந்து நம் ஊர் டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை வேலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவதற்கு மட்டும்தான் பயன்படுத்துகிறோம். சும்மா போவதற்குப் பயன்படுத்தினால் என்ன? நாகர்கோவில் அண்ணா பஸ் ஸ்டாண்டுக்குப் போய், இதுவரை போகாத ஊர்ப் பெயர் போட்ட பஸ் ஒன்றில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய் இறங்குவது. எனக்குக் காசில்லாத சீட்டு, அவருக்கு மட்டும் காசு. முதல் தடவை கண்டக்டர் எங்கே இறங்கணும் என்று கேட்டதற்கு இவர் "கடைசி எதுவோ அங்க" என்றார். கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட்டைக் கிழித்தார். வீட்டை விட்டு ஓடிப்போகிற வயசு எங்களுக்குத் தாண்டிவிட்டது என்று பார்த்தாலே தெரியும், அதனால் ஒன்றும் கேட்கவில்லை.

நம் மாவட்டம் மொத்தமே சுமார் 1,670 சதுர கிலோமீட்டர்தான், தமிழ்நாட்டின் சிறிய மாவட்டங்களில் ஒன்று. ஆனால் ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் ஊரே வேறு ஊராகிவிடும். ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் கணவாய்க் காற்றும் காற்றாலையும், காற்று வாயைத் திறந்து பேச விடாது. குலசேகரம், அருமனைப் பக்கம் போனால் ரப்பர் தோட்டம், காலையிலேயே இருட்டாக இருக்கும், மரத்துக்கு மரம் சிரட்டை கட்டியிருக்கும், ரப்பர் ஷீட் உலர்த்திய வாடை பஸ்ஸுக்குள் வரும். முட்டம், குளச்சல் பக்கம் போனால் கடல், பஸ்ஸில் மீன் கூடையும் ஏறும். சுசீந்திரம், பூதப்பாண்டி என்றால் இரண்டு பக்கமும் வயல். ஒரே மாவட்டத்தில் நான்கு ஊர்க்காரர்களின் பேச்சும் நான்கு மாதிரி, மேற்கே போகப் போக மலையாளம் கூடக் கலந்துவிடும். பின் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வருவதைக் கேட்டே எந்தப் பக்கத்து ஆள் என்று கண்டுபிடிக்கப் பழகியிருக்கிறோம், அதில் இவரும் நானும் பந்தயம் வைப்போம். பந்தயத்துக்கு ஒரு ரசவடை.

இதற்கு எங்களுக்கு ஒரு சில ஒழுங்குகள் உண்டு. எந்த ஊர் என்பதை ஒருவாரம் அவர் சொன்னால் மறுவாரம் நான் சொல்வேன், மற்றவர் மறுபேச்சு பேசக் கூடாது. இறங்கியதும் முதல் வேலை, திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று டிரைவரிடம் கேட்பது. இதைக் கேட்க மறந்தால் மலைப்பக்க ஊர்களில் ஆட்டோவுக்கு அழ வேண்டிவரும், அப்புறம் சிக்கனம் எங்கே. அடுத்தது அங்கே இருக்கும் டீக்கடையில் ஒரு சாயா, பழம்பொரி இருந்தால் அதுவும். அரை மணி நேரம் நடை. திரும்ப ஏறி வீடு. டவுன் பஸ்ஸில் ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் என்று உட்கார வேண்டியிருக்குமே என்று கேட்பீர்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைப் பஸ்ஸில் ஆள் இருக்காது, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். எக்ஸ்பிரஸ், பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸில் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு, போர்டைப் பார்த்து ஏறுங்கள். முன்பக்கம் பிங்க் பெயிண்ட் அடித்திருந்தால் பயமில்லை.

பஸ் பழக்கம் வந்த பிறகு வந்ததுதான் பறவை பார்க்கிற பழக்கம். நாங்கள் சேர்ந்து செய்வதில் இதுதான் பெரிசு, அதனால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் சுசீந்திரம் குளம் ரோட்டை ஒட்டியே கிடக்கிறது. அங்கிருந்து கொஞ்சம் உள்ளே போனால் தேரூர் குளம். தினமும் வண்டியில் அந்த வழியாகப் போகிற ஆயிரம் பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை, நாங்களும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். 2022-ல் சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளையும் வேம்பனூர் குளத்தையும் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குக் கொடுக்கிற அங்கீகாரம் அது. பேப்பரில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, நம்ம குளத்தில் அப்படி என்னதான் இருக்கு என்று போய் நின்றோம். நின்றால் கொக்கு தெரிந்தது. கொக்கு, இன்னொரு கொக்கு, கறுப்பாக ஒரு காக்கா மாதிரி. எங்கள் பறவை அறிவு அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் சமம்.

அந்தக் கறுப்பு காக்கா காக்கா இல்லை, நீர்க்காகம் என்று தெரிய வந்தது. அது கம்பத்தில் இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு நிற்கும். ஏன் அப்படி நிற்கிறது என்று இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். வாத்துக்குத் தண்ணீர் ஒட்டாது, இதற்கு இறகு நனைந்துவிடும். நனைவதால்தான் ஆழமாக முங்கி மீன் பிடிக்க முடிகிறது, பிடித்து முடித்ததும் காய வேண்டும். அதே குளத்தில் கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு ஒன்று நீந்தும், பாம்புத்தாரா, அதுவும் இப்படித்தான் சிறகை உலர்த்தும். நத்தை குத்தி நாரையைப் பார்த்தால் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், வயல் நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து எடுக்கத் தோதான அலகு அது. குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். இதெல்லாம் நாங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டது, ஒரே நாளில் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நீலத் தாழைக்கோழி இருக்கிறதே, நீலமும் ஊதாவுமாக, நெற்றியில் சிவப்பு, அது தாமரைத் தண்டை ஒரு காலால் பிடித்துத் தூக்கி நாம் முறுக்கு கடிப்பது போலக் கடித்துத் தின்னும். அதைப் பார்த்த அன்றைக்கு மகளையும் கூட்டி வந்திருக்கலாம் என்று இருந்தது.

எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட பறவை நீளவால் இலைக்கோழி. தாமரை, அல்லி இலை மேலேயே நடக்கும், விரல் அவ்வளவு நீளம். இதில் பெண்தான் பெரிசு. பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும், அடைகாப்பதும் குஞ்சைக் கூட்டிக்கொண்டு அலைவதும் ஆண்தான். இதை நான் வாசித்துச் சொன்னதும் இவர் பைனாகுலரை இறக்கிவிட்டு, "ஏட்டி, இத மாமிகிட்ட போய்ச் சொல்லாத, கேட்டியா" என்றார். நான் சொன்னேன். மாமி, "பரவாயில்லயே, நல்ல பட்சியாக்கும்" என்றார்.

சாமான் என்று பார்த்தால் ஒரு பைனாகுலர். ஆரம்பத்தில் அதுவும் வேண்டாம், ஒரு சீசன் வெறும் கண்ணாலேயே பாருங்கள், ஒட்டுமா ஒட்டாதா என்று தெரிந்துவிடும். வாங்குவதென்றால் 8x42 என்று போட்டது போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். மடங்கு கூடக் கூட கை நடுக்கமும் கூடத் தெரியும், அதனால் 20 மடங்கு 30 மடங்கு என்று விளம்பரம் செய்கிற மலிவு விலைச் சாமானைத் தொடாதீர்கள். முக்கியமாக, ஒன்றுதான் வாங்க வேண்டும், ஆளுக்கு ஒன்று வாங்கக் கூடாது. காசுக்காக மட்டும் சொல்லவில்லை. ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும், அப்புறம் மாற்றிக்கொள்ள வேண்டும். "இடது பக்கம் ரெண்டாவது கம்பம், அதுக்குக் கீழ, இல்ல இன்னும் கீழ, ஆங், மூக்கு மஞ்சளா இருக்கா பாரு" என்று ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பித்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஆளுக்கொரு பைனாகுலர் இருந்தால் ஆளுக்கொரு போன் மாதிரிதான், பக்கத்தில் நின்றுகொண்டு தனித்தனியாகப் பார்த்துவிட்டு வருவோம்.

பெயர் தெரியாததை மெர்லின் ஆப்பில் போட்டுப் பார்க்கலாம், காசில்லை. எண்ணியதை ஈபேர்டில் ஏற்றலாம், அதற்கும் காசில்லை, நாம் ஏற்றுவது ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பயன்படும். வருஷா வருஷம் பொங்கல் நான்கு நாளும் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015-லிருந்து. பதினைந்து நிமிஷம் ஒரு இடத்தில் நின்று பார்த்ததை எண்ணிப் போட்டால் போதும், மொட்டை மாடியிலிருந்துகூடச் செய்யலாம். காக்கா, மைனா, செம்பருந்து எல்லாம் கணக்கில் வரும். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு குப்புறப் படுப்பதற்கு முன்னால் செய்ய நல்ல வேலை.

வெளியூர்ப் பறவைகள் அக்டோபருக்கு மேல் வரத்தொடங்கும், மார்ச்சோடு போய்விடும். அந்த மாதங்களில் காலை ஆறரைக்குக் குளக்கரையில் நின்றுவிட வேண்டும், ஒன்பதுக்கு மேல் வெயிலில் ஒன்றும் தெரியாது, வீட்டில் தோசையும் ஆறிப்போகும். மணக்குடியில் பழையாறு கடலில் சேருகிற பொழிமுகமும் புத்தளம் உப்பளமும் அடுத்த கட்டம். அங்கே கால் நீளமான உள்ளான் வகைகள் நிறைய வரும், ஒன்றுக்கொன்று வித்தியாசம் கண்டுபிடிப்பதற்குள் தலை சுற்றும். அதை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்குள்ளேயே செய்வதென்றால் எனக்குத் தெரிந்து சக்கை வற்றல், அதாவது பலாச்சுளை வற்றல், போடுவதை மிஞ்சிய கூட்டு வேலை இல்லை. கோடையில் நம் பக்கம் யார் வீட்டு விளையில் கேட்டாலும் ஒரு சக்கை சும்மா தருவார்கள், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருப்பார்கள். ஒரு சக்கையை ஒரு ஆள் தனியாக வெட்டிப் பாருங்கள், அதன் அருமை தெரியும். கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு ஒருவர் பிளக்க, மற்றவர் பிசினைத் துடைக்க, சுளை எடுக்க, கொட்டை நீக்க, நீளவாக்கில் அரிய என்று இரண்டு மணி நேரம் ஓடிவிடும். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம், போனை மட்டும் தொட முடியாது, கை முழுக்கப் பிசின். எண்ணெயில் போட்டு முக்கால் வேக்காடு வந்ததும் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி தெளிக்க வேண்டும். அப்போது எண்ணெய் பொங்கிச் சடசடவென்று சீறும், தெளிக்கிறவர் ஒரு எட்டுப் பின்னால் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் தெளிப்பது அவர், "இப்ப, இப்ப" என்று சொல்வது நான். சலசலப்பு அடங்கி, கரண்டியால் கிளறும்போது கலகலவென்று சத்தம் வந்தால் எடுத்துவிடலாம். கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், முருங்கைக்காயோடு சேர்த்து ஒரு குழம்பு வைத்தால் மறுநாள் மத்தியானம் பிழைத்தது. எனக்கும் இவருக்கும் வற்றல் போடத் தெரியாது என்பதால்தான் இது எங்களுக்கு ஓடியது, மாமிக்குத் தெரியும், ஆனால் அவர் அடுக்களைப் பக்கம் வராமல் வெளியே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார், அதற்கு அவருக்கு நன்றி.

வாழைப்பழமும் இப்படித்தான். வடசேரி கனகமூலம் சந்தையில் எத்தனை வகை கிடைக்கிறது, மட்டி, செந்துளுவன், ரசகதலி, பாளையங்கோடன், ஏத்தன், சிங்கன், பேயன் என்று. வாரம் ஒரு வகை, நான்கைந்து பழம் மட்டும் வாங்கி, தின்று பார்த்து, ஒரு நோட்டில் மார்க் போடுவது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மட்டிதான் எங்கள் வீட்டில் முதல் ரேங்க். இவர் ரசகதலிக் கட்சி. இது பொழுதுபோக்கா என்று கேட்டால், சண்டை போட ஒரு நல்ல விஷயம்.

அப்புறம் வானம்.

எங்கள் கல்யாணத்தில் பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு மண்டப வாசலில் கொண்டு நிறுத்தி, தென்னை மரத்துக்கு மேலே கையைக் காட்டி, "அருந்ததி தெரியுதா?" என்று கேட்டார்கள். தெரியுது என்று இரண்டு பேரும் சொன்னோம். எல்லோரும் சொல்கிற பொய்தானே. பல வருஷம் கழித்து, கரண்ட் போன ஒரு ராத்திரி மாடியில் பாய் போட்டுப் படுத்திருந்தபோது, அந்த அருந்ததி உண்மையில் எங்கேதான் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தோம். ஏப்ரல், மே மாதம் இரவு ஒன்பது மணிவாக்கில் வடக்கே பாருங்கள், சப்தரிஷி மண்டலம் ஏழு நட்சத்திரமும் கரண்டி மாதிரி கவிழ்ந்து நிற்கும். கரண்டிக் காம்பில் நுனியிலிருந்து இரண்டாவது வசிஷ்டர். அதை உற்றுப் பார்த்தால் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு மங்கலாக ஒன்று, அதுதான் அருந்ததி. நல்ல கண் இருந்தால் பைனாகுலர் இல்லாமலே தெரியும். எனக்கு முதலில் தெரிந்தது, இவருக்குக் கண்ணாடி போட்ட பிறகுதான் தெரிந்தது. கண்ணாடி நம்பர் மாறியிருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

அப்படியே தெற்கே திரும்புங்கள். கன்னியாகுமரி 8 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால் வடநாட்டுக்காரர்களுக்குக் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைக்கும். மே நடுவில் அதே ஒன்பது மணிக்குத் தெற்கில் கடலுக்கு மேலே சிலுவை மாதிரி நான்கு நட்சத்திரம் நேராக நிற்கும், திரிசங்கு. டெல்லியில் இது அடிவானத்தோடு போய்விடும், இங்கே 20 டிகிரிக்கு மேல் உயரத்தில் தெளிவாகத் தெரியும், கையை நீட்டி விரலை விரித்தால் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை உள்ள தூரம் கிட்டத்தட்ட அந்த உயரம். அதற்கு இடது பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரம் அதைச் சுட்டிக் காட்டுவது போல நிற்கும், அதில் ஒன்று ஆல்பா சென்டாரி, சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிகப் பக்கத்தில் உள்ள நட்சத்திரக் கூட்டம். தை, மாசியில் பார்த்தால் தெற்கே பளிச்சென்று அகத்தியர் நட்சத்திரம். இதற்குப் பதிலாக நாம் இழப்பது துருவ நட்சத்திரம், அது நமக்கு வெறும் 8 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், எங்கள் வீட்டு வடக்குப் பக்கத் தென்னந்தோப்பு அதை மொத்தமாக மறைத்துவிட்டது, இன்றுவரை பார்த்ததில்லை. ஸ்டெல்லாரியம் ஆப்பைத் திறந்து வானத்தை நோக்கிப் பிடித்தால் எது எது என்று காட்டும். ஜூன் பிறந்தால் மழை மேகம் வந்துவிடும், அதற்குள் பார்த்துவிடுங்கள்.

சங்குத்துறை, சொத்தவிளை மாதிரிக் கடற்கரைக்கு ராத்திரி போனால் இன்னும் நன்றாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் எட்டு மணிக்கு மேல் ஒரு ஆணும் பெண்ணும் மணலில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் ரோந்து வருகிறவர்கள் வந்து டார்ச் அடிப்பார்கள். கழுத்தில் தாலி கிடந்தாலும் கேட்பார்கள், "நட்சத்திரம் பாக்கோம் சார்" என்று சொன்னால் இன்னும் சந்தேகப்படுவார்கள். மாடி போதும்.

வேறு சில விஷயங்களையும் பேர் சொல்லிவிடுகிறேன். லைப்ரரியில் ஒரே புத்தகத்தை எடுத்து இரண்டு பேரும் மாற்றி மாற்றி வாசிப்பது நன்றாக ஓடும், யார் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பதற்கு பஸ் டிக்கெட்டையே அடையாளம் வைக்கலாம். தாயமும் பல்லாங்குழியும் மழைக்காலத்துக்கு. சிதறால் மலைக்கு அதிகாலையில் ஏறி இறங்குவது உடம்புக்கு நல்லது, மேலே ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. மாத்தூர் தொட்டிப் பாலத்தில் 115 அடி உயரத்தில் தண்ணீர் ஓடும் தொட்டிக்குப் பக்கத்தில் நடந்து போவது எனக்குப் பிடிக்கும், இவருக்குத் தலை சுற்றும் என்பதால் பாதியோடு திரும்பிவிடுவோம். பத்மநாபபுரம் அரண்மனையை ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு வரையப் போகலாம், திங்கட்கிழமை மட்டும் திறந்திருக்காது.

வேண்டாம் என்று சொல்வதும் உண்டு. ஜோடியாக ஜிம்மில் சேர்ந்து வருஷக் கட்டணம் கட்டுவது, பொங்கலுக்கு அப்புறம் யாரும் போக மாட்டார்கள். கேமரா வாங்குவது, அது நம் பொழுதுபோக்கு இல்லை, கடைக்காரருடையது. சேர்ந்து ரீல்ஸ் எடுப்பது, ஒருவர் நடிகர் மற்றவர் டைரக்டர் ஆகிவிடுவார், ஸ்கூட்டர் பழக்கிய கதைதான்.

கடைசியாக ஒன்று, எல்லாவற்றையும் சேர்ந்தே செய்ய வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்காதீர்கள். இவருக்கு புதன்கிழமை சாயங்காலம் ஊர் கிளப்பில் கேரம் உண்டு, அங்கே நான் போவதில்லை, யார் ஜெயித்தார் என்று கேட்பதும் இல்லை. வந்து சொன்னால் கேட்டுக்கொள்வேன். அந்த ஒன்றரை மணி நேரம் மகள் வீட்டுப்பாடம் எழுத, நானும் மாமியும் சீரியல் பார்ப்போம். அதில் வருகிற மருமகளைப் பற்றி மாமிக்கும் எனக்கும் ஒரே அபிப்பிராயம்.